மண்ணுக்கும் தேய்மானம் உண்டு

மின்வாரியத்தின் கணக்கில் ஒரு யூனிட்டின் விலை பைசா சுத்தமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த விலைக்குப் பின்னால் யந்திரத்தின் முதலீடு உண்டு, கடனுக்குரிய வட்டி உண்டு, ஊழியர் சம்பளம் உண்டு, எரிபொருளை வெட்டிச் சுமந்துவரும் கூலி உண்டு, பங்குதாரருக்கு உரிய லாபமும் உண்டு. ஒருமுறை எரிந்துவிட்டால் மனித சரித்திரத்தின் எல்லைக்குள் மீண்டும் உண்டாகாத அந்த எரிபொருள் இல்லாமற்போவதற்கு மட்டும் அந்தக் கணக்கில் ஓர் இனம் கிடையாது. இந்த விடுபாட்டைக் குறித்துச் சிந்திப்பதற்கு நெய்வேலியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தூத்துக்குடியிலும் வடசென்னையிலும் எரியும் நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசாவின் தால்சேர் பகுதியில் வெட்டப்பட்டு, ரயிலேறிப் பாரதீப் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறி நம் கரைக்கு வருகிறது. கூடங்குளத்து உலையில் வைக்கப்படும் செறிவூட்டிய யுரேனியமோ ருஷ்யாவிலிருந்து வருகிறது. எவருடைய காடு அதற்காகக் குழியாயிற்று என்று சென்னையில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருப்பவர் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்கும்படி அவரைத் தூண்டுவதும் ஒன்றுமில்லை. நெய்வேலியிலோ குழியும் புகைபோக்கியும் எதிரெதிரே நிற்கின்றன. மண் அகற்றப்படுவதும், கரி வெட்டப்படுவதும், அது எரிவதும், மின்சாரம் கம்பியேறுவதும் சில மைல் விஸ்தீரணத்துக்குள் நடந்து முடிகின்றன. நிலத்தை இழந்த குடியானவரும் அந்த மின்சாரத்தில் விளக்கேற்றும் குடியானவரும் பல வேளைகளில் ஒருவரேயாக இருக்கிறார்.

1930-களில், அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவின் செம்மண் பூமியில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீரோடு கரிய பொருளொன்றும் மேலே வந்தது என்பதும், அது எரியக்கூடியது என்று பின்னர் தெரியவந்தது என்பதும் அவ்வட்டாரத்தார் இன்றும் சொல்லும் செய்தி. அடுத்த பத்தாண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அங்கே துளையிட்டுப் பார்த்தது. சுதந்திரத்துக்குப் பின் சென்னை அரசாங்கம் அந்த ஆராய்ச்சியை விரிவாக்கியது. 1956 நவம்பர் 14-ஆம் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு வெட்டுவேலையைத் தொடங்கிவைத்தார். தொடங்கிய பின்னும் நான்கு ஆண்டுகள் மண்ணை அகற்றுவதிலேயே கழிந்து, 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி வெயிலைக் கண்டது. மறு ஆண்டில், சோவியத் நாட்டின் ஒத்துழைப்போடு நிறுவப்பட்ட முதல் அனல்மின் நிலையத்தின் 50 மெகாவாட் யந்திரம் ஓடத் தொடங்கியது.

அக்காலத்தில் இத்திட்டத்தை மக்கள் எத்தனை ஆர்வத்தோடு வரவேற்றார்கள் என்பதை இன்றைய வாசகர் உணர்வது சிரமம். தமிழ்நாட்டில் கருநிலக்கரி கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆயிரம் மைலுக்கு மேல் ரயிலில் வரவேண்டும். பைக்காரா, மேட்டூர், பாபநாசம் ஆகிய நீர்மின் நிலையங்களோ வானத்தை நம்பியவை. பருவமழை பொய்த்த ஆண்டில் பயிரோடு விளக்கும் வாடிற்று. அந்த நிலையில், நம் காலடியிலேயே எரிபொருள் இருக்கிறது என்ற செய்தி ஒரு தலைமுறைக்கே தன்னம்பிக்கை அளித்தது. கரியை எரித்து மின்சாரம், கரியிலிருந்து யூரியா உரம், கரியைக் கட்டியாக்கி வீட்டு அடுப்புக்கு எரிபொருள் என்று முப்பயனும் ஓரிடத்தில் சித்திக்கும்படி அன்றைய நிர்வாகிகள் திட்டமிட்டார்கள். ‘லெகோ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த அடுப்புக்கரியை நினைவு வைத்திருக்கும் பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கக்கூடும். உரமும் லெகோவும் போய்விட்டன. மின்சாரம் ஒன்றே நிலைத்தது.

இனி அந்த மின்சாரம் உண்டாகும் விதத்தைச் சற்று நிதானமாகக் காண்போம். ஏனெனில் கணக்கின் முழு வடிவமும் அந்த விதத்திலேயே அடங்கியிருக்கிறது. நெய்வேலியின் பூமியில் மேலே 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் கெட்டியான மணற்கல்லும் கிடக்கின்றன. அதற்குக் கீழே 8 முதல் 27 மீட்டர் கனத்தில் பழுப்பு நிலக்கரி. அதற்கும் கீழே, மேலேறி வரத் துடிக்கும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் நிலத்தடி நீர். ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்ட சக்கர வெட்டு யந்திரங்கள் இளகிய ஐரோப்பிய மண்ணுக்கென்று செய்யப்பட்டவையாதலால், அவற்றின் பற்கள் கடலூர் மணற்கல்லில் மோதித் தேய்ந்தன. வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே வெட்டுவது என்ற முறை அதனால் ஏற்பட்டது. அதைவிடப் பெரிய பகை நீர். கீழே அடைபட்ட நீரை ஓயாமல் இறைத்து அதன் அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே பாய்ந்துவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்கள் இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். கரி வெட்டுவதை ஒருநாள் நிறுத்தலாம், இறைப்பதை நிறுத்த முடியாது.

வெட்டிய கரி கன்வேயர் பட்டையில் ஏறி மைல்கணக்கில் பயணம் செய்து மின்நிலையத்தை அடைகிறது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி வெறும் ஈரம். கொதிகலனிலிருந்து இழுக்கப்படும் சூடான புகையைக் கொண்டே அதை உலர்த்தி, மாவாகப் பொடித்து, தீயில் ஊதுகிறார்கள். அந்த உஷ்ணத்தில், கொதிகலனின் சுவர்களாக அமைந்த குழாய்களுக்குள் ஓடும் தூய நீர் ஆவியாகி, 500 பாகைக்கு மேல் சூடேறி, பெரும் அழுத்தத்தோடு சுழலியின் இதழ்களில் பாய்கிறது. சுழலி நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. அதனோடு ஓர் அச்சில் பிணைந்த மின்காந்தமும் சுற்றுகிறது. அதைச் சூழ்ந்த தாமிரச் சுருள்களில், 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த அதே நியதிப்படி, மின்சாரம் பிறக்கிறது. கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் நெருப்புக்குப் பதில் அணுப்பிளவு. தஞ்சைப் பகுதியின் எரிவாயு நிலையங்களில் எரியும் வாயுவே முதலில் ஒரு சுழலியைச் சுற்றிவிட்டுப் பிறகு நீரைக் கொதிக்கவைக்கிறது. மற்றபடி கதை ஒன்றுதான். இத்தனை விஞ்ஞான முன்னேற்றத்துக்குப் பிறகும் நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரைக் கொதிக்கவைத்தே பெறப்படுகிறது என்பதை எண்ணும்போது சிறிது வியப்பாகவே இருக்கிறது.

இழப்பு எங்கே என்று பார்ப்போம். சுழலியைச் சுற்றிவிட்டு வெளிவரும் நீராவியைக் குளிர்வித்து மறுபடி நீராக்கியே தீரவேண்டும். அவ்வாறு குளிர்விக்கும்போது அதிலுள்ள உஷ்ணம் குளிர்கோபுரங்களின் வழியாக ஆகாயத்தில் கலந்துவிடுகிறது. இது எவருடைய கவனக்குறைவுமன்று, பிரகிருதியின் விதி. நெய்வேலிக் கரியில் கிலோவுக்கு ஏறத்தாழ 2,600 முதல் 2,700 கிலோகலோரி உஷ்ணம் உண்டு. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. ஒரு கிலோ கரிக்கு ஒரு யூனிட் என்று மேலெழுந்தவாரியாகக் கொண்டால், மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாகவும் இரண்டு பங்கு வெறும் வெப்பமாகவும் போகிறது. புதிய யந்திரங்கள் இதைவிடச் சற்றுச் சிக்கனமானவை. 1962-ஆம் ஆண்டு யந்திரங்கள் இதைவிடப் பெரும் ஊதாரிகள். அந்த ஒரு கிலோவோடு ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கரியமிலவாயுவும் வானேறுகிறது. மேலும், ஒரு டன் கரியை எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணைப் பெயர்க்கவேண்டியிருப்பதால், அந்த ஒரு யூனிட்டுக்காகச் சுமார் பத்துக் கிலோ மண் தன் இடத்தைவிட்டு நகர்கிறது. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட்டை நம் அரசாங்கம் இலவசமாக அளிக்கிறது. அந்த 100 யூனிட்டும் நெய்வேலியிலிருந்தே வருவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வீட்டின் பொருட்டும் 100 கிலோ கரி எரிந்து ஒரு டன் மண் புரண்டிருக்கிறது என்று பொருள். இலவசம் நுகர்வோருக்கேயன்றிப் பூமிக்கில்லை.

இங்கேதான் கணக்கின் குறை தெளிவாகிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளில் தேய்மானம் என்றோர் இனம் உண்டு. கொதிகலனும் சுழலியும் ஆண்டுதோறும் தேய்கின்றன. ஆகவே அவற்றில் இட்ட முதலில் பத்தில் ஒன்பது பங்கு வரை, அவற்றின் ஆயுளுக்குள், கட்டணத்தின் வழியாகவே வசூலித்துக்கொள்ளலாம் என்று விதி அனுமதிக்கிறது. மிக நியாயமான ஏற்பாடு. யந்திரம் ஓய்ந்துபோகும் நாளில் வேறு யந்திரம் வாங்கக் கையில் பணம் இருக்கவேண்டுமல்லவா? 1962-இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு ஓய்வுபெற்றபோது, அதனருகே ஆயிரம் மெகாவாட் புதிய நிலையம் தயாராகிக்கொண்டிருந்தது. யந்திரத்துக்கு வாரிசு உண்டு. கரிப்படிவத்துக்கு வாரிசு எது? அது தீர்ந்த நாளில் கடலூர் மாவட்டத்தார் எதைக் கொண்டு பிழைப்பார்கள் என்ற கேள்விக்கு எந்த ஏட்டிலும் விடை எழுதப்படவில்லை. விளைச்சல் என்பது ஆண்டுதோறும் வரும் வருமானம். சுரங்கமோ ஆஸ்தியை விற்றுக் கிடைக்கும் ரொக்கம். விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு அதை அறுவடை என்று ஏட்டில் எழுதும் குடும்பத்தை ஊரார் என்ன சொல்வார்களோ, அதையே நம் கணக்கெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது.

இதற்கு மறுப்பாக ராயல்டியை எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான், கரியின் விலையில் நூற்றுக்கு 6 பங்கு மாநில அரசாங்கத்துக்குச் சேர்கிறது. ஆனால் அது பொது வருவாயில் கலந்து, அந்தந்த ஆண்டின் செலவிலேயே கரைகிறது. நிலத்தடிச் சொத்தை விற்றுப் பெற்ற பணம் நடப்புச் செலவாகிறது. 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி மாவட்டக் கனிம நிதி ஏற்பட்டதும், பழைய குத்தகைதாரர்கள் ராயல்டியில் 30 சதவீதத்துக்கு இணையான தொகையை அதில் செலுத்தவேண்டும் என்று விதிக்கப்பட்டதும் நல்ல மாற்றங்களே. எனினும் அந்த நிதி குடிநீர், சாலை, பள்ளி, மருத்துவம் என்று உடனடித் தேவைகளுக்காகச் செலவிடப்படுவது; சேர்த்துவைக்கும் நோக்கம் அதற்கில்லை. சுரங்கத்தை மூடும் செலவுக்கென்று தனிக்கணக்கில் பணம் ஒதுக்கும் விதியும் இருக்கிறது. அது குழியை மண்ணிட்டு நிரப்பி மரம் நட உதவும். நிரப்பிய மேட்டில் மரம் வளர்வதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மரம் வளர்ந்த மண்மேடு வேறு, நெல்லும் கரும்பும் விளைந்த நிலம் வேறு.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில் நடந்தது இந்தக் கணக்கின் வரம்பைப் பிரத்தியட்சமாகக் காட்டிற்று. சுரங்கத்தின் பொருட்டுப் பரவனாற்றை மாற்றுவழியில் திருப்பும் கால்வாய்க்காக, பச்சைப் பயிர் நின்ற வயலில் மண்வெட்டும் யந்திரங்கள் இறங்கின. நிலம் சட்டப்படி பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று நெய்வேலி நிறுவனம் சொல்லிற்று, அதை மறுப்பதற்கில்லை. கையகப்படுத்திய நிலத்தை உழவரிடமே நெடுங்காலம் விட்டுவைத்துவிட்டு, கதிர் முற்றும் வரை சில வாரம் பொறுக்க முடியாமற்போனதேன் என்று நாடு கேட்டது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. சேதமடைந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கும்படி உத்தரவாயிற்று. நீதிமன்றம் தன் முன் வந்த வழக்கின் எல்லைக்குள் செய்யக்கூடியதைச் செய்தது. ஆயினும் அந்த 40,000 ரூபாய் ஒரு போகத்தின் விலை. அந்த மண் இன்னும் எத்தனை நூறு போகம் விளைந்திருக்கும் என்பது எந்த மனுவிலும் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தாலும் அதை மதிப்பிடும் முறை நம் சட்டத்தில் இல்லை.

நீரின் கதை இதைவிடச் சிக்கலானது. நெய்வேலி வட்டாரத்தில் துளையிட்டால் தானே பீறிடும் ஊற்றுகள் ஒருகாலத்தில் இருந்தன. இன்று பல நூறு அடி ஆழத்துக்கு மோட்டார் இறக்கவேண்டியிருக்கிறது என்று சுற்றுவட்டார உழவர்கள் முறையிடுகிறார்கள். குற்றம் முழுவதும் சுரங்கத்தினுடையதன்று. உழவரின் சொந்த மோட்டார்களும் அதே நீரையே இறைக்கின்றன. சுரங்கத்திலிருந்து இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பாசனத்துக்கு உதவுகிறது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஆனால் சுரங்கம் நின்றுபோகும் நாளில் இறைப்பும் நிற்கும்; ஏரிகளுக்கு வரும் அந்த வரத்தும் நிற்கும். நிலத்தடி நீர் தன் பழைய மட்டத்துக்கு எத்தனை ஆண்டில் திரும்பும், எந்தக் குணத்தோடு திரும்பும் என்ற ஆராய்ச்சிக்கு இன்றே பணமும் ஆளும் ஒதுக்கவேண்டும். அது சுரங்கம் மூடிய பிறகு தொடங்கக்கூடிய வேலையன்று. இதற்கிடையே, கரி வெட்டுவதற்காக இறங்கிய நீர்மட்டத்தை எட்டுவதற்கு, அதே கரியால் பிறந்த மின்சாரத்தை அதிகமாகச் செலவிட்டு, அதையும் இலவசமாகப் பெற்று, உழவர் தம் பயிரைக் காப்பாற்றிவருகிறார். இதைவிட விசித்திரமான சுழற்சியை எந்தப் பொருளாதார நூலிலும் காண்பது அரிது.

நெய்வேலியை மூடிவிடவேண்டும் என்பது என் வாதமன்று. அறுபது ஆண்டுகளாகத் தென்னிந்தியாவின் விளக்குகளில் கணிசமானவை அங்கே எரிந்த கரியால் ஒளிர்ந்தன. ஒரு நகரமே அதனால் எழுந்தது; ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிள்ளைகள் அதனால் படித்தார்கள். 2020-ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன்களில் விபத்து நேர்ந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரும் உண்டு. நம் மாலை நேரத்து வெளிச்சத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களை மறந்துவிட்டு, கரி கூடாது என்று வாய்வீச்சு வீசுவது எளிது. சூரியன் மறைந்த பின், காற்று ஓய்ந்த மாதங்களில், சுமையைத் தாங்கும் யந்திரம் ஏதேனும் வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்கும் வழிகள் போதிய அளவு பெருகும்வரை அந்த இடத்தில் கரி இருக்கத்தான் செய்யும்.

அதேவேளை, இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதும், அதில் மிகப் பெரிய படிவம் மன்னார்குடியைச் சுற்றிய காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்குக் கீழே கிடக்கிறது என்பதும் மறக்கத்தக்கவையல்ல. 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் இல்லாதிருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று சொல்வது கடினம். அச்சட்டம் இருந்தும்கூட, 2023-இல் டெல்டாப் பகுதியின் சில தொகுதிகள் மத்திய அரசாங்கத்தின் ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. மாநில அரசாங்கம் எதிர்த்த பிறகே அவை நீக்கப்பட்டன. மண்ணின் தேய்மானத்துக்கு விலை வைக்காத கணக்கில், சுரங்கம் எப்போதும் நெல்லைவிட லாபகரமாகவே தோன்றும். அதனால்தான் இத்தகைய பட்டியல்கள் மீண்டும் மீண்டும் தயாராகின்றன.

பரிகாரம் மிகச் சிக்கலானதன்று. நெய்வேலியில் லிக்னைட் கார்ப்பரேஷனின் நான்கு நிலையங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,390 மெகாவாட் திறன் உண்டு. அதில் 70 சதவீதம் ஓடுவதாகக் கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்குப் பத்துக் காசு வீதம், எக்காரணம் கொண்டும் நடப்புச் செலவுக்கு எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஒரு நிதியில் சேர்த்தால் ஆண்டுக்கு 200 கோடி ரூபாய் சேரும். இருபது ஆண்டில் முதல் மட்டுமே 4,000 கோடி, வட்டி வேறு. அதன் வருமானத்தைக் கொண்டு கடலூர் மாவட்டத்தின் ஏரிகளையும் கால்வாய்களையும் சீர்செய்யலாம், நிலத்தடி நீரைக் கண்காணிக்கலாம், நிலமிழந்தோர் குடும்பங்களுக்குக் கரி தீர்ந்த பின்னும் ஒரு பிடிமானம் தரலாம். இத்தகைய நிதியைப் பெருமளவில் திரட்டிய தேசங்களின் உதாரணத்தை இங்கே அழைத்துவர நான் விரும்பவில்லை. நம் ஊர்க் கோயில்களுக்கு முன்னோர் எழுதிவைத்த நிலக்கொடைகளிலேயே, முதலைத் தொடாமல் பலனை மட்டும் அனுபவிக்கும் ஏற்பாடு இருந்தது.

இதற்குத் தக்க தருணமும் நெருங்கியிருக்கிறது. 660 மெகாவாட் யந்திரங்கள் இரண்டைக் கொண்ட மேலும் ஒரு விரிவாக்கத்தை நெய்வேலி நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. அது நிறைவேறினால் அதன் கட்டணத்தை நிர்ணயிக்கும் மனு ஆணையத்தின் முன் வரும். அப்போது பொதுமக்களும் தம் கருத்தை எழுத்துமூலம் தெரிவிக்க இடமுண்டு. அந்த மனுவில் சுழலிக்கும் கொதிகலனுக்கும் உரிய தேய்மானம் பத்தி பத்தியாகக் கணக்கிடப்பட்டிருக்கும். அவற்றுக்கு அடுத்த வரியில் கரிப்படிவத்துக்கும் அதன்மேல் கிடந்த நிலத்துக்கும் ஓர் இனம் சேர்க்கவேண்டும் என்று கடலூர் மாவட்டத்து உழவர் சங்கங்களும், மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் கட்சி வேற்றுமை பாராமல் மனுச் செய்வார்களாயின், ஆணையம் அதை ஏற்றாலும் மறுத்தாலும், காரணத்தை எழுதித் தரவேண்டியிருக்கும்.